மூன்று மண்கட்டிகளும் வழுக்கின

ஒரு மண்கட்டி உடைந்தால் மண்ணைக் குறை சொல்லலாம். மூன்றும் ஒரே மாதிரி, சொல்லிவைத்தது போல உடைந்தால், அந்த மண் நல்ல மண் என்று கையெழுத்துப் போட்டவளைத்தான் குறை சொல்வார்கள். அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மண் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த மோகனப்ரியாவுக்கு அன்று காலை அதுதான் நடந்திருந்தது.

தட்டில் கிடந்த மூன்று கட்டிகளையும் ஜெனிஷா குனிந்து பார்த்தாள்.

"போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சிருச்சா சார், இல்ல இனிமேத்தானா?"

துப்பறியும் நிலவழகன் சிரிக்கவில்லை. அவள் சொல்லும் வேடிக்கைக்கு அவர் அந்த இடத்தில் சிரிப்பதே கிடையாது. நாலு நாள் கழித்து வேறு யாரிடமாவது தம்முடைய சரக்கு போல எடுத்துவிடுவார். ஜெனிஷாவும் கேட்பதில்லை. ஆவூரிலிருந்து வந்து அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த நாளில் அவளுக்குக் கொடுத்த வேலை இரண்டு: ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது. வாயடிக்கிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க சார்." மோகனப்ரியா அழுது முடித்திருந்தாள் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. "என் மண்ணு இப்படி வழுக்காது. சத்தியமா வழுக்காது."

"மொதல்லேருந்து சொல்லுங்கம்மா. மண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மழை பேஞ்சா செருப்புல ஒட்டும்."

அவள் சொன்னாள். ஆவுடையார்கோவில் பக்கம் குருந்தனேந்தல் கண்மாய்க்குப் புதுக்கரை போட்டார்கள். வெறும் செம்மண்ணில் போட்டால் தண்ணீர் கசியும். வெறும் களிமண்ணில் போட்டால் வெயிலில் வெடிக்கும். அதனால் ஆறு பங்கு செம்மண், நாலு பங்கு கண்மாய்க் களி என்று கலவை சொன்னவள் இவள்தான். சோதித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டாள். போன வாரம் அடைமழை. கண்மாய் நிரம்பியது. கரையின் வயல்பக்கச் சரிவில் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து வயலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"காண்ட்ராக்டர் செம்மல் என்ன சொல்றாரு தெரியுமா? 'எங்க வேலையில கோளாறு இல்ல, மண்ணுலதான் கோளாறு, கையெழுத்துப் போட்ட பொண்ணைக் கேளுங்க'ன்னுட்டாரு. விசாரணைக்கு அறிவுமதின்னு ஒரு இன்ஜினியர் சார் வந்திருக்காரு. கரை போட்டப்ப எடுத்து வச்ச மண்ணு மூட்டையை நேத்தே அவரே சீல் ஒடச்சு, ஊறவச்ச பைக்கும் அவரே சீல் போட்டு, இன்னிக்கிக் காலையில இங்கனயே டெஸ்ட் பண்ணச் சொன்னாரு. என்னைக் கிட்ட வரக் கூடாதுன்னு வெளிய உக்கார வச்சுட்டாங்க. மூணும் ஃபெயில்."

"ஃபெயிலானா?"

"சாயங்காலம் ரிப்போர்ட் எழுதிருவாரு. லேபை மூடணும். போலீஸ் கேஸ் வேற. அதைக்கூட விடுங்க சார். என் கையெழுத்து செல்லாதுன்னு ஆயிரும். அப்புறம் நான் படிச்சதுக்கு என்ன அர்த்தம்?" மூக்கு மறுபடி சிவந்தது.

நிலவழகனுக்கு அழுகிற பெண்களைக் கண்டால் கை கால் ஓடாது. மேசை மேல் இருந்த இயந்திரத்தை அவசரமாகக் காட்டினார். "இது எப்படிம்மா வேலை செய்யும்?"

அது நல்ல கேள்வியாகப் போயிற்று. அழுகையை நிறுத்தி விளக்க ஆரம்பித்தாள். ஓர் இரும்புப் பெட்டி. குறுக்கே இரண்டாக வெட்டி, மேல் பாதி கீழ் பாதி என்று ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தது. உள்ளே மண்ணை அடைத்து, தலையில் பாரம் ஏற்றி, கீழ்ப் பாதியை மட்டும் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மண் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறதோ அவ்வளவு பலம். நடுவில் அறுந்து வழுக்கினால் கதை முடிந்தது.

"தள்ளுறது சுலபம் சார். மண்ணைத் தயார் பண்றதுதான் பெரும்பாடு. ரெண்டு மண்ணையும் காயவச்சு, பொடிச்சு, சலிச்சு, காஞ்ச மண்ணாவே மொதல்ல கலக்கணும். அப்புறம் தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சுப் பெசையணும். பையில கட்டி ராத்திரி பூரா ஊறவிட்டாத்தான் ஈரம் எல்லா எடத்துக்கும் ஒரே மாதிரி போவும். ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது."

"எங்கம்மா சப்பாத்தி மாவுக்குக்கூட இம்புட்டு மெனக்கெட்டதில்ல" என்றாள் ஜெனிஷா. "அதான் ஒவ்வொரு சப்பாத்தியும் ஒவ்வொரு ஜில்லா மாதிரி வரும்."

"மண்ணைத் தயார் பண்ணிக் கட்டி செஞ்சது யாரும்மா?" என்றார் நிலவழகன்.

"அருள்தாஸ் அண்ணன். லேப் ஆரம்பிச்ச நாள்லேருந்து என்கூட இருக்காரு. நான் சொல்லிக் குடுத்து, நூறு தடவைக்கு மேல செஞ்சவரு."

"எங்க அவரு?"

மோகனப்ரியா தயங்கினாள். "சாப்பிட்டு வாரேன்னு போனாரு. போன் சுவிட்ச் ஆஃப்பா இருக்கு."

ஜெனிஷா நிலவழகனைப் பார்த்தாள். நிலவழகன் கூரையைப் பார்த்தார். மூட்டை சீலோடு வந்தது, அதிகாரியே உடைத்தார். மண்ணை மாற்ற வழியில்லை. இயந்திரம் பழைய இயந்திரம்தான். கை வைத்தவன் ஒரே ஒருத்தன், அவனையும் காணோம்.

"சார், ஸ்கூட்டர் சாவி என்கிட்டத்தான் இருக்கு" என்றாள் ஜெனிஷா.

*

தேடவே வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் புதுக்கோட்டை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் ஓர் ஆள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, முகத்தை முன் சீட்டுக் கம்பியில் கவிழ்த்திருந்தார். சட்டைக் கையில் செம்மண் கறை. ஜெனிஷா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அருள்தாஸ் அண்ணனுங்களா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அதற்குள் நிலவழகன் மறுபுறம் வந்து வழியை அடைத்து நின்றுவிட்டார். அவருடைய உடம்புக்கு அது பெரிய காரியம் இல்லை.

"எங்கிட்டு அண்ணே கெளம்பிட்டீங்க? மேடம் அங்க அழுதுக்கிட்டு இருக்காங்க. நீங்க ஜன்னல் சீட்டு புடிச்சிருக்கீங்க."

"ஆவூருக்கு" என்றார் அருள்தாஸ்.

"எங்க ஊருக்கா? எங்க ஊருல ஒளிய எடம் கெடையாதுண்ணே. நான் ட்ரை பண்ணிப் பாத்திருக்கேன்."

"ஒளியலம்மா. மாதா கோயிலுக்குப் போறேன். மேடத்துக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு மெழுகுவத்தி ஏத்தணும். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல." பையைத் திறந்து காட்டினார். உள்ளே மெழுகுவத்திக் கட்டு தவிர வேறெதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்த மனுஷன் வண்டியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

அடச்சீ என்று ஆகிவிட்டது ஜெனிஷாவுக்கு. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆளைப் பிடிக்க வந்தால் இப்படியா?

"எறங்குங்கண்ணே" என்றார் நிலவழகன் மெதுவாக. "மாதா எங்கயும் போயிற மாட்டாங்க. வந்து எனக்கு ஒரு கட்டி செஞ்சு காட்டுங்க. காலையில எப்படிச் செஞ்சீங்களோ, அச்சு அசல் அப்படியே."

*

ஊறவைத்த மண் பையில் மிச்சம் இருந்தது. அருள்தாஸ் எடையைப் பார்த்து மண்ணைச் சரிபாதியாகப் பிரித்தார். முதல் பாதியைப் பெட்டியில் போட்டு இடித்து இறுக்கினார். பிறகு ஒரு கரண்டியின் பின்புறத்தால் அதன் மேற்பரப்பை நீவினார். நீவினார் என்றால் சும்மா இல்லை. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு ஏற்றினார். அதன் மேல் இரண்டாம் பாதியைக் கொட்டி இடித்தார்.

"அண்ணே!" மோகனப்ரியா வீல் என்று கத்தினாள். "என்னண்ணே இது? மூணு அடுக்காத்தானே போடுவோம்? ஒவ்வொரு அடுக்கையும் முள்கரண்டியால கீறி விட்டுட்டுத்தானே அடுத்ததைப் போடுவோம்?"

"ஆமா மேடம்."

"பின்ன ஏன்..." அவள் நிலவழகன் பக்கம் திரும்பினாள். பேச்சு வேகமாக வந்தது. "சார், கீறி விட்டாத்தான் மேல் மண்ணு கீழ் மண்ணைக் கவ்விப் புடிக்கும். வழவழன்னு வச்சா ரெண்டும் ஒட்டாது. அதுலயும் ரெண்டே அடுக்குன்னா, அந்த வழவழப்பு சரியா பெட்டி அறுபடுற எடத்துல வந்து உக்காந்துக்கும். தள்ளுனா வழுக்காம என்ன செய்யும்?"

தட்டில் கிடந்த பழைய கட்டி ஒன்றை ஜெனிஷா எடுத்துத் திருப்பினாள். உடைந்த முகம் உடைந்த முகமாகவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?"

அருள்தாஸ் தலையைத் தொங்கப் போட்டார். "பெரிய ஆளுங்க எல்லாரும் சுத்தி நின்னாங்க மேடம். காண்ட்ராக்டரோட ஆளு போன்ல வீடியோ புடிச்சான். நான் மூணு அடுக்காப் போட்டுக் கீறத்தான் ஆரம்பிச்சேன். அந்தச் செம்மல் சார் என் தோள்ல தட்டி, 'என்னப்பா, கோழி கெளறுன மாதிரி கெளறிக்கிட்டு இருக்க? அதிகாரி பாக்குறாரு, நீட்டாச் செய்யி'ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. நம்ம மேடம் லேபை யாரும் மட்டமா நெனச்சிரக் கூடாதுன்னு, வழிச்சுப் போட்டுட்டு, கோடு கம்மியாத் தெரியட்டும்னு ரெண்டே அடுக்கா, மொதல்லேருந்து அழகாச் செஞ்சேன். மூணையும் அழகாச் செஞ்சேன் மேடம்."

அந்த அழகுதான் அவளைக் கொண்டுபோய்ச் சிறை வாசலில் நிறுத்தியிருந்தது. மோகனப்ரியா புதிதாக மண்ணை எடுத்தாள். மூன்று அடுக்கு, அடுக்குக்கு அடுக்குக் கீறல். இயந்திரத்தில் ஏற்றினாள். பலத்தைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. காலையில் வழுக்கிய இடத்தைத் தாண்டி இன்னும் மேலே போனது. மண் அசையவில்லை.

"ஜெயிச்சுட்டோம்!" ஜெனிஷா குதித்தாள். "வாங்க சார், அறிவுமதி சாருகிட்டச் சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவ?" என்றார் நிலவழகன். "காலையில எங்க ஆளு தப்பாச் செஞ்சாரு, இப்ப நீங்க இல்லாதப்ப நாங்களே இன்னொண்ணு செஞ்சோம், பாஸாயிருச்சுன்னா? சின்னப் புள்ளைகூட சிரிக்கும்."

ஜெனிஷா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மோகனப்ரியாவின் முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வழியே போயிற்று.

ஆனால் நிலவழகன் ஏதோ ஒரு யோசனையில் மீசையை நீவிக்கொண்டிருந்தார். அருள்தாஸைக் கூப்பிட்டார். "அண்ணே, செம்மல் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"கோழி கெளறுன மாதிரி கெளறாத, நீட்டாச் செய்யின்னாரு."

"அதைச் சொல்றப்ப மொகம் எப்படி இருந்துச்சு? திருட்டு முழி ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லைங்க. நெசமாவே அவருக்கு அருவருப்பா இருந்துச்சு."

நிலவழகன் சிரித்தார். ஜெனிஷா அவர் சிரித்துப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

"அந்தக் கட்டி மூணையும் பத்திரமா ஒரு டப்பாவுல போடுங்கம்மா. எல்லாரும் கெளம்புங்க. கண்மாய்க்குப் போறோம்."

*

குருந்தனேந்தல் கண்மாய் கடல் போலத் தளும்பிக்கொண்டிருந்தது. தென்கிழக்கே வானம் மறுபடி கறுத்திருந்தது. சரிந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கித் தற்காலிகமாகத் தண்ணீரைத் தடுத்திருந்தார்கள். கரை மேல் விசாரணை அதிகாரி அறிவுமதி கையில் குடையோடும், காண்ட்ராக்டர் செம்மல் வெள்ளைச் சட்டையோடும் நின்றார்கள். மோகனப்ரியாவைப் பார்த்ததும் அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவங்க எதுக்கு இங்க? ரிசல்ட்தான் வந்துருச்சே."

"சும்மா வேடிக்கை பாக்கத்தான் சார்" என்றார் நிலவழகன். கரையில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு செம்மலிடம் வந்து, வாயெல்லாம் பல்லாக, "அண்ணே, கரையா இது? ஹைவே மாதிரில்ல இருக்கு!" என்றார்.

செம்மலுக்கு நெஞ்சு அகன்றது. "வாழ்நாள் பூரா ரோடு போட்ட கை சார் இது. கரை வேலை இதுதான் மொதத் தடவை. ஆனா ஒரு கொறை சொல்ல முடியாது."

"மேல மட்டுமா, உள்ளயும் இதே ஃபினிஷிங்கா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒவ்வொரு அடுக்கும் ரோலரை விட்டு, தண்ணி தெளிச்சு, கேரம் போர்டு மாதிரி வச்சேன். அதுக்கு மேலதான் அடுத்த அடுக்கு. சூப்பர்வைசர் ஒருத்தன், பல்லு வச்ச ரோலர் வேணும், ஒவ்வொரு அடுக்கையும் கொத்தி விடணும்னு கத்திக்கிட்டே இருந்தான். நல்லாப் போட்டதை எவனாச்சும் கொத்திக் கெடுப்பானா? ரோலரைத் திருப்பி அனுப்பிட்டு அவனையும் அனுப்பிட்டேன்."

அறிவுமதி குடையை மடக்கினார். எதற்கு மடக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. செம்மல் கவனிக்கவில்லை. புகழ்ச்சி காதை அடைத்திருந்தது.

ஜெனிஷா போன் கேமராவோடு சரிந்த பக்கம் போயிருந்தாள். அங்கிருந்து கத்தினாள். "சார்! இங்கிட்டு வாங்க. இது மட்டும் ஏன் நிக்குது?"

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். வயல்பக்கச் சரிவு இடமும் வலமும் பெயர்ந்து போயிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அசையாமல் நின்றது. அதன் மேல் ஓர் ஆட்டு மந்தை, கீழே வயலுக்கு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கம்போடு ஒரு பெண் வந்தாள்.

செம்மலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தா மீனம்மா! இன்னும் இந்தப் பக்கம்தான் ஓட்டுறியா? சார், இவ ஆடு பண்ணுன அநியாயத்தைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு அடுக்கும் போட்டு முடிச்சவொடனே மிதிச்சு, பூரா குழி குழியா ஆக்கிரும். என் வேலையிலேயே அந்த எடம் மட்டும்தான் அசிங்கம். சரி பண்றதுக்குள்ள அடுத்த லோடு மண்ணு வந்து நிக்கும்."

"எங்க ஆடு வேற எந்தப் பக்கமாப் போறது? பறந்தா போவும்?" என்று மீனம்மாள் நடையை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணே" என்றார் நிலவழகன், ரொம்ப மரியாதையாக. "நீங்க அழகாப் போட்ட எடமெல்லாம் வயலுக்குள்ள கெடக்கு. ஆடு அசிங்கம் பண்ணுன எடம் நிக்குது. ஏன்?"

செம்மல் ஆட்டுப் பாதையையே முறைத்தார்.

மோகனப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சரிந்த ஓரத்தில் ஓங்கிப் போட்டாள். பாளமாக ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. அடியில், அடுக்கும் அடுக்கும் சேருகிற இடத்தில், பளபளவென்று ஒரு பரப்பு. டப்பாவிலிருந்து காலையில் உடைந்த கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

"சார்." அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "காலையில மூணும் வழுக்குனது பொய் இல்ல. என் ஆளு தெரியாம இந்தக் கரையையே சின்னதாப் பெட்டிக்குள்ள கட்டிட்டாரு. இந்தா, ஆடு மிதிச்ச எடமும் அதே மண்ணு, அதே ரோலர், அதே மழை. மேல் அடுக்கு கீழ் அடுக்கைக் கவ்வியிருக்கு, நிக்குது. மண்ணுல கோளாறு இருந்தா இதுவுமில்ல சார் போயிருக்கணும்?"

அறிவுமதி இரண்டு கட்டிகளையும் கையில் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஆட்டுப் பாதையில் தாமே மண்வெட்டியைப் போட்டார். மண்வெட்டி உள்ளே இறங்கவே மறுத்தது.

"சார், நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார் செம்மல். வெள்ளைச் சட்டை முதுகில் வேர்வையால் ஒட்டியிருந்தது.

"பல்லு ரோலரைத் திருப்பி அனுப்புனதையும் நல்லதுன்னுதான் நெனச்சீங்களா? இதையெல்லாம் விசாரணையில சொல்லுங்க." அதிகாரி மோகனப்ரியா பக்கம் திரும்பினார். சங்கடமாக இருந்தது அவருக்கு. "அம்மா, காலையில உங்களை வெளிய உக்கார வச்சதுக்கு... அந்த ரிப்போர்ட்டை நான்..."

அருள்தாஸ் கைகூப்பிவிட்டார். ஜெனிஷா விசில் அடிக்க விரலை வாய் வரை கொண்டுபோனாள்.

மோகனப்ரியா எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கண் மேற்கே, இன்னும் சரியாமல் நீளமாகக் கிடந்த கரையின் மேல் இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கீழே ஊர். ஓட்டுவீடுகள், பள்ளிக்கூடம், கொடியில் காயும் துணி.

"ரிப்போர்ட்டு கெடக்குது சார்" என்றாள். "அந்த மிச்சக் கரையும் இவரு இதே மாதிரி போட்டதுதானே?"

முதல் தூறல் விழுந்தது.

"அங்க ஒரு ஆடுகூட மிதிக்கல சார். இன்னொரு மழை தாங்காது. மடையைத் தெறந்து தண்ணியக் கொறைக்கணும். இப்பவே. கீழ உள்ளவங்களையும் கெளப்பணும்."

அறிவுமதி போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு எண் போட்டார். மூன்றாவது தடவை கிடைத்தது.

"மடையைத் தெறங்க. ரெண்டையும். ஆமா, முழுசா." எதிர்முனையில் யாரோ விடாமல் கேள்வி கேட்டார்கள். மழை வலுத்தது. அதிகாரி பொறுமையிழந்து கத்தினார்.

"யாரு உத்தரவா? யோவ், லேப் மோகனப்ரியா மேடம் சொல்றாங்கய்யா! தெறங்க!"